பேண்டு சண்டையும் பங்காளிச் சண்டையும்: ரசிகருக்கு இதில் பங்கு உண்டா?

பேஸ்காரன் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் சாயிபாபா காலனியில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தவர் என்னையே பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க பேஸ் வாசிச்சவர்தானுங்களே?" என்றார். நான் பேஸ் கிட்டாரைத் தொட்டு 15 வருஷம் ஆகிறது. இப்போது பம்ப் செட் உதிரி பாகம் விற்கிறேன்.

2009 கல்லூரிக் கல்ச்சுரல்ஸில் முன்வரிசையில் நின்றாராம். எங்கள் பாட்டு ஒன்றை முழுசாக, நானே மறந்துபோன ரெண்டாவது சரணம் உட்பட, பாடிக் காட்டினார். அப்புறம் கேட்டார்: "ஏனுங்க பிரிஞ்சீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?" அவர் முகத்தில் இருந்த வருத்தம் எங்கள் நாலு பேரில் யாருக்கும் இருந்ததில்லை. டிசம்பரில் பழைய மாணவர் கூட்டமாம். நாலு பேரும் வந்து அந்த ஒரு பாட்டையாவது வாசிக்க வேண்டுமாம்.

பிரிந்த கதை சின்னதுதான். கல்லூரி ராக் போட்டிகளில் சொந்தப் பாட்டை 'ஓசி' என்போம், ஓன் காம்போசிஷன். (எங்களுக்கு அது நிஜமாகவே ஓசிதான், ஒரு ரூபாய் வந்ததில்லை.) 2010இல் ஒரு குறும்படக்காரர் அந்த ஓசிக்கு 20,000 ரூபாய் தருகிறேன், யார் பெயர் போடுவது என்று கேட்டார். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) என்னுடையது என்றான் கிட்டாரிஸ்ட். ஆரம்பத்தில் வரும் அந்த எட்டு ஸ்வரம் என்னுடையது, அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்றேன் நான். வரி என்னுடையது என்றான் பாடகன். டிரம்மர் ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப எனக்கு?" என்றான்.

20,000 வரவில்லை. குறும்படமும் வரவில்லை. பீளமேட்டு ஜாம் ரூமுக்கு மூன்று மாத வாடகை பாக்கி மட்டும் நின்றது, அதையும் டிரம்மரின் அப்பா கட்டினார். கிட்டாரிஸ்டும் நானும் அன்றிலிருந்து பேசவில்லை. இத்தனைக்கும் அவன் எனக்குத் தூரத்து உறவு, கல்யாணம் காட்சிகளில் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம்.

பெரிய பேண்டுகள் உடைவதும் இப்படிச் சில்லறை விஷயத்துக்குத்தானா? அப்புறம், 'ஏன் பிரிந்தீர்கள்' என்று கேட்க ரசிகருக்கு உரிமை உண்டா?

---

டபுள் பெடல்

"அப்ப எனக்கு?" என்று கேட்டவர்தான் நியாயஸ்தர். நானும் டிரம்மர், அதனால் சொல்லவில்லை.

தி ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்து பேண்டின் கதையைப் பாருங்கள். மேடையில் நாலு பேர். ஒலிப்பதிவு, கச்சேரி வருமானத்தில் பாடகர் மோரிஸிக்கு 40 சதவீதம், கிட்டாரிஸ்ட் ஜானி மாருக்கு 40, பேஸுக்கு 10, டிரம்ஸுக்கு 10. பாட்டு எழுதிய காசு இதில் சேராது, அது அந்த ரெண்டு பேருக்குத் தனி. 1987இல் பேண்டு முடிந்தது. டிரம்மர் மைக் ஜாய்ஸ் வழக்குப் போட்டு 1996இல் ஜெயித்தார், 25 சதவீதம் உமக்கு என்றது கோர்ட். சம பங்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை, எழுதாவிட்டால் கூட்டாளிகளுக்குச் சமம்தான். பேஸ்காரர் ஆண்டி ரூர்க் அதற்கு முன்பே பணமுடையில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பத்திலேயே நின்றுவிட்டார். பேஸ்காரர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

---

நொய்யல் கரை

எல்லாவற்றையும் காசுக் கணக்கில் அடைக்க வேண்டாம். காசில் சண்டையே இல்லாமல் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் உண்டு.

நான் திருப்பூரில் பிரின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் டி‌-சர்ட் வாங்கியவர்களுக்கு அந்த வட்ட முத்திரை தெரிந்திருக்கும்: நடுவில் கழுகு, சுற்றி நாலு பெயர், மேலே ராமோன்ஸ் என்ற பேண்டின் பெயர். அதைப் போட்டுத் திரிகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒரு பாட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வட்டத்தில் ஜானி, ஜோயி என்று அடுத்தடுத்து அச்சாகும் ரெண்டு பேரும் பல வருஷம் பேசிக்கொள்ளவே இல்லை. ஜோயியின் காதலியை ஜானி கட்டிக்கொண்டார். பேச்சு நின்றதே தவிர பேண்டு நிற்கவில்லை. ஒரே வேனில் ஊர் ஊராகப் போய் 1996 வரை மொத்தம் 2,263 கச்சேரி.

ஒயாசிஸ் பேண்டின் கேலகர் அண்ணன் தம்பியும் அப்படித்தான். 2009 ஆகஸ்ட் 28, பாரிஸில் மேடையேறும் முன்பு அடிதடி, கிட்டார் உடைந்தது, அண்ணன் போய்விட்டார். பாட்டெல்லாம் பெரும்பாலும் அண்ணன் பெயரில்தான் இருந்தது, அதில் தகராறே இல்லை. இது வீறாப்பு, வேறொன்றும் இல்லை.

---

கோர்ட்டு வாசல்

வீறாப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் நொய்யல். என்னிடம் வரும் வரப்புத் தகராறில் பாதி ரெண்டடி நிலத்துக்கு இருக்கும். அந்த ரெண்டடியில் ஒரு தென்னை கூட வைக்க முடியாது. ஆனால் பத்திரத்தில் பெயர் வேண்டும். 'இது இவன் சம்பாதிச்சது' என்று ஊர் சொல்ல வேண்டும்.

பேஸ்காரன் சொன்ன எட்டு ஸ்வரத்துக்கு அசலான முன்னுதாரணம் ஒன்று உண்டு. புரோகோல் ஹாரம் என்ற இங்கிலாந்து பேண்டு 1967இல் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்ற பாட்டை வெளியிட்டது. கேட்ட எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் ஆர்கன் இசை. ஆனால் இசை என்று ஒருவர் பெயரும் வரி என்று இன்னொருவர் பெயரும் மட்டுமே போட்டிருந்தார்கள். ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர் 2005இல், அதாவது 38 வருஷம் கழித்து, வழக்குக்குப் போனார். 2006இல் உயர் நீதிமன்றம் இசையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. அப்பீலில் காசு கையைவிட்டுப் போய், 2009இல் பிரபுக்கள் சபை வரை (அப்போது அங்கே அதுதான் கடைசி கோர்ட்) ஏறித் திரும்ப வாங்கினார். பழைய பாக்கி கிடையாது, வழக்குப் போட்ட பிறகு வந்ததில்தான் பங்கு.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்திலும் இசையமைத்தவர் வேறு, வரி எழுதியவர் வேறு, ஒலிப்பதிவை எடுத்தவர் வேறு, வாசித்தவரின் நிகழ்த்துநர் உரிமை வேறு. நம்மூரில் கிணற்றுப் பங்கு எழுதுவதைப் போலத்தான். நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், கிணற்றில் நாலில் ஒரு பங்கு, வாரத்தில் ரெண்டு நாள் மோட்டார் முறை என்று தனியாக எழுதுவார்கள். பேண்டுக்காரர்கள் நாலு பேரும் ஒரே கிணற்றில் இறைத்துக்கொண்டு, எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் இல்லாத வரைக்கும் பிரச்சினை இல்லை. ஊற்று கண்ட அன்றைக்குத்தான் முறை யாருடையது என்ற கேள்வி வரும். உங்களுக்கு 20,000 ரூபாய்க்கே வந்துவிட்டது.

எழுதி வைத்தவர்களும் உண்டு. ஆர்.ஈ.எம். பேண்டின் நாலு பேரும் யார் எழுதினாலும் நாலு பெயரும் போடுவது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தார்கள். 2011இல் பிரிந்தபோது ஒரு வழக்கு இல்லை, ஒரு வசவு இல்லை.

---

ஊத்துக்குளி வெண்ணெய்

ஒன்று விட்டுப்போயிற்று. எந்த பேண்டு உடைந்தாலும் ஒரு பெண் தலையில் கட்டிவிடுவது. பீட்டில்ஸ் உடைந்தது ஜான் லெனனின் மனைவி யோக்கோ ஓனோவால் என்று என் பெரியப்பா மகன் இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

1968 ஆகஸ்டில் டிரம்மர் ரிங்கோ கோபித்துக்கொண்டு போய் ரெண்டு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது டிரம்ஸ் முழுக்கப் பூ வைத்து வரவேற்றார்கள். 1969 ஜனவரியில் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் எழுந்து போனார். அப்புறம் கணக்கு வழக்கை யார் பார்ப்பது என்று சண்டை. மூன்று பேர் மேனேஜர் ஆலன் கிளைன் பக்கம், பால் மெக்கார்ட்னி மட்டும் தன் மாமனார் பக்கம். 1970 டிசம்பர் 31 அன்று பால் மற்ற மூவர் மீதும் வழக்கே போட்டார். இதில் யோக்கோ எங்கே வந்தார்?

எங்கள் ஊரில் அண்ணன் தம்பி சொத்துப் பிரித்தாலும் இதே பேச்சுதான். "மருமக வந்தா, கூட்டுக்குடும்பம் ஒடஞ்சுபோச்சு." பத்து வருஷமாக அண்ணன் மாட்டுப்பால் பணக் கணக்கு சொல்லாமல் இருந்ததை யாரும் பேச மாட்டார்கள்.

---

லைட் மியூசிக் கோபி

நான் கொஞ்சம் வயசானவன், ராக் எனக்குப் பழக்கமில்லை. கோபி, சத்தி, அந்தியூர்ப் பக்கம் 30 வருஷம் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தேன். மாரியம்மன் பண்டிகையில் கம்பம் நட்டால் எங்களுக்குச் சீசன் ஆரம்பம்.

எங்கள் ட்ரூப்பில் பாட்டு யாருடையது என்று சண்டை வந்ததே இல்லை. ஏனென்றால் ஒன்றுமே எங்களுடையது இல்லை! சண்டை எதற்கு வரும் தெரியுமா? எஸ்பிபி பாட்டில் எது யாருக்கு என்று. பத்தரை மணிக்குக் கூட்டம் நிறைந்திருக்கும்போது பாடுவதா, ரெண்டு மணிக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது பாடுவதா? இதற்காக ரெண்டு பாடகர்கள் விட்டுப் போய் ஆளுக்கொரு ட்ரூப் ஆரம்பித்தார்கள். போஸ்டரில் ஒரே போட்டோ. ஊர்க்காரர்கள் குழம்பி ரெண்டு பேருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

பெரிய இடத்திலும் நடந்ததுதானே. விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965 வரை சேர்ந்து போட்டார்கள், பிரிந்தார்கள், 30 வருஷம் கழித்து 1995இல் ஒரு படத்துக்குச் சேர்ந்தார்கள். எந்த மெட்டு யாருடையது என்று இன்றும் டீக்கடையில் தீர்ப்பு சொல்கிறவர்கள் உண்டு. அந்த ரெண்டு பேரும் சபையில் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் 2017இல் ராஜா சார் எஸ்பிபிக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டது ஒன்று இருக்கிறது, அதில் யார் பக்கம் நியாயம் என்றால்...

---

மட்டுறுத்துநர்

ராஜா–எஸ்பிபி நோட்டீஸ் பற்றி வந்த 23 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இருவரும் 2019இல் ஒரே மேடையில் பாடிவிட்டார்கள். நீங்களும் சமாதானமாகப் போகவும்.

---

டபுள் பெடல்

கோபி ஐயா சொன்னதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூலிக்கு வாசிக்கிறவருக்கு மனக்கஷ்டம் குறைவு. பிங்க் ஃபிளாய்ட் பேண்டில் 'தி வால்' ஆல்பம் எடுத்தபோது கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டை பேஸ்காரர் ரோஜர் வாட்டர்ஸ் வெளியே தள்ளினார். ஆனால் 1980–81 கச்சேரிகளுக்குச் சம்பளத்துக்குக் கீபோர்டு வாசிக்க அவரையே கூப்பிட்டார்கள். அந்தப் பிரம்மாண்ட மேடைச் செலவில் பேண்டுக்கு நஷ்டம். லாபம் பார்த்தவர் சம்பளக்காரர் ரைட் மட்டும்தான்.

---

முன்வரிசை

தேங்காய் பன் நான்தான்.

பேஸ்காரன் அண்ணா, உங்கள் ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, கணக்குப் பிள்ளை வேலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் சொல்கிறேன்.

2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் பேண்டின் கச்சேரி. ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஈரோட்டிலிருந்து கழிவறை வாசலில் நின்றபடியே போனேன். வீட்டில் சொன்ன காரணம் கேம்பஸ் இன்டர்வியூ. 2011 அக்டோபரில் மெட்டாலிகா. 28ஆம் தேதி குர்கானில் கடைசி நேரத்தில் ரத்து, கூட்டம் மேடையில் ஏறி உடைத்தது. 30ஆம் தேதி பெங்களூரில் நடக்குமா நடக்காதா என்று ரெண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நடந்தது. எனக்கு அந்த ஒரு ராத்திரி போதும்.

அதே மெட்டாலிகா 2000இல் என்ன செய்தார்கள்? இணையத்தில் பாட்டை இலவசமாக மாற்றிக்கொள்ளும் நாப்ஸ்டரில் தங்கள் பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்து 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களைப் பெட்டி பெட்டியாக அச்சடித்து டிரம்மர் லார்ஸ் உல்ரிச் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார், இவர்களை நீக்கு என்று. அதெல்லாம் யார்? ரசிகர்கள். 1982இல் இவர்களின் டெமோ கேசட்டைக் காப்பி எடுத்து ஊர் ஊராகத் தபாலில் அனுப்பி வளர்த்ததே அப்படிப்பட்ட ஆட்கள்தான். கிரேட்ஃபுல் டெட் என்ற பேண்டு நேர் எதிர். கச்சேரியை டேப் பண்ண வருகிறவர்களுக்கு 1984இல் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். காசுக்கு விற்காதே, மாற்றிக்கொள் என்பதுதான் நிபந்தனை. இன்றைக்கு அந்த பேண்டின் சரித்திரமே ரசிகன் எடுத்த டேப்பில்தான் இருக்கிறது.

மாரிலியன் ரசிகர்கள் 1997இல் பேண்டு அமெரிக்கா வரக் காசில்லை என்றதும் தாங்களே 60,000 டாலர் திரட்டினார்கள். அதற்கப்புறம் பேண்டு ஒரு ஆல்பத்துக்கு ரெக்கார்டிங் முன்பே ரசிகர்களிடம் பணம் வாங்கித்தான் வேலையை ஆரம்பித்தது. பங்கு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

பத்திரத்தில் எங்கள் பெயர் இல்லை, சரி. ஆனால் பாகம் பிரிக்கும்போது வீட்டில் குழந்தைகள் மூலையில் நின்று பார்க்குமே, அந்த மாதிரி நின்றோம் அண்ணா. 2010இல் உங்கள் ஆர்குட் பக்கத்தில் நான் மட்டும் ஆறு தடவை 'அடுத்த ஷோ எப்போ' என்று கேட்டிருந்தேன்.

---

நொய்யல் கரை

தம்பி, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் லார்ஸ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. முடிக்காத பாட்டு ஒன்று களவு போய் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஆரம்பித்ததுதான் அந்தச் சண்டை. நான் பிரின்ட் போடும் டிசைனை ஆர்டர் கொடுத்தவர் பார்க்கும் முன்பே காதர்பேட்டையில் தொங்கவிட்டால் நானும் பட்டியலோடு போய் நிற்பேன்.

ரசிகன் குழந்தை மாதிரி மூலையில் மட்டும் நிற்பதில்லை. 1977 ஜூலை 6, மான்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம். முன்னால் கத்திக்கொண்டே இருந்த ஒரு ரசிகனின் முகத்தில் ரோஜர் வாட்டர்ஸ் காறித் துப்பிவிட்டார். தானே அதிர்ந்துபோய், எனக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்று யோசித்ததில் பிறந்ததுதான் டபுள் பெடல் சொன்ன 'தி வால்'. 1991இல் செயின்ட் லூயிஸில் கேமரா வைத்திருந்த ஒருவர் மீது கன்ஸ் அன் ரோஸஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ் மேடையிலிருந்து பாய்ந்தார், அப்புறம் மைக்கைப் போட்டுவிட்டுப் போனார், கலவரம். செய்தது தப்புதான். ஆனால் பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் உன்னிடம் உரிமை கொண்டாடினால் எப்படி இருக்கும் என்று ரசிகன் யோசிப்பதில்லை.

சேரு சேரு என்று கேட்டு என்ன கிடைத்தது? 2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் சேருகிறோம் என்றார்கள். 150 பவுண்டுக்கு உட்பட்ட டிக்கெட், வரிசையில் நிற்க நிற்க 350ஐத் தாண்டியது. 15 வருஷ ஏக்கத்துக்கு விலை போட்டார்கள், அவ்வளவுதான்.

---

ஊத்துக்குளி வெண்ணெய்

350 பவுண்டு கொடுத்தவர்கள் 2025 ஜூலை 4, கார்டிஃபில் அண்ணனும் தம்பியும் கை கோத்து மேடைக்கு வந்ததைப் பார்த்து அழுதார்கள் நொய்யல். நான் இங்கே போனில் பார்த்து அழுதேன். அந்த அழுகைக்குப் பில் வராது.

---

முன்வரிசை

நான் காசெல்லாம் கேட்கவில்லை. டேப் என்று சொன்னேனே. 2009 கல்ச்சுரல்ஸை என் நோக்கியா எக்ஸ்பிரஸ் மியூசிக்கில் எடுத்திருந்தேன். மெமரி கார்டு பீரோவில் கல்யாணப் பத்திரிகைகளோடு கிடந்தது. கார்டு ரீடர் தேடவே மூன்று நாள் ஆயிற்று. இணைத்திருக்கிறேன், பழைய போன்களின் .3gp வீடியோ கோப்பு. படம் மங்கல், சத்தம் கரகர.

---

பேஸ்காரன்

நேற்று ராத்திரி கடையை அடைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே உட்கார்ந்து கேட்டேன்.

நாற்பதாவது விநாடியில் மைக்கில் ஒரு குரல் வருகிறது. என் குரல்தான். "அடுத்தது எங்க ஓசி. டியூன் பூரா நம்ம கிட்டாரிஸ்ட் போட்டது. நான் சும்மா கூட வாசிக்கறனுங்க." கூட்டம் சிரிக்கிறது.

அப்புறம் அந்த எட்டு ஸ்வரம். கிட்டார்தான் முதலில் வாசிக்கிறது. மூன்று சுற்று தனியாகப் போகிறது. நான் நாலாவது சுற்றில்தான் உள்ளே வருகிறேன். பின்னால் ஏதோ ஒரு ஜாமில் முதலிலிருந்தே நான் வாசிக்க ஆரம்பித்திருக்க வேண்டும், அது எப்போது என் சொந்தமாக மாறியது என்று நினைவே இல்லை. பொய் சொல்லவில்லை சாமி, 15 வருஷமும் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

---

கோர்ட்டு வாசல்

மைக்கில் வாயால் சொன்னது பத்திரமாகிவிடாது. முதலில் வாசித்தவர்தான் இயற்றியவர் என்றும் ஆகாது. ஃபீஸ் இல்லாமல் சொல்கிறேன்.

---

டபுள் பெடல்

சட்டம் கிடக்கட்டும். அவருக்கு அனுப்பினீர்களா?

---

பேஸ்காரன்

நம்பரே இல்லை. எங்கள் டிரம்மரிடம் வாங்கினேன், அவன் இப்போது அவிநாசியில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். நம்பரைக் கொடுத்துவிட்டு "எங்கப்பா கட்டுன வாடகை பாக்கி இன்னும் இருக்குது, மறக்காதீங்க" என்றான்.

காலை ஆறு மணிக்கு அனுப்பினேன். கோப்பு மட்டும்தான், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ரெண்டு டிக் விழுந்தது. ஒன்பது மணிக்கு நீலமானது. மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. பல்லடத்திலிருந்து வந்த ஒரு கஸ்டமருக்கு இம்பெல்லர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அப்பவும் உன்ற ஈ ஸ்ட்ரிங் சுதி எறங்கித்தான் இருந்துக்குது."

---

லைட் மியூசிக் கோபி

டிசம்பருக்கு சவுண்டு யாருங்க? மேடை மானிட்டர் ஸ்பீக்கர் நல்லதாகச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் சுதி இறங்கும்.